இடைவெளி குற்றமல்ல



கோப்புறைப் பெயரில் இடைவெளி விட்டால் சர்வர் ஓடாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் கணினி வகுப்புக்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. காரணம் சொல்லாத விதி வெறும் மிரட்டல்தான்.

காரணம் எளிது. அப்பாச்சி சர்வரின் அமைப்புக் கோப்பில் டாக்குமென்ட்ரூட் என்ற கட்டளை ஒரே ஒரு பாதையைத்தான் ஏற்கும். அங்கே இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது என்று பொருள். சி:/பள்ளி படங்கள் என்று எழுதினால் அதை இரண்டு துண்டாகப் படிக்கும். பிழை காட்டி, தொடங்கவே மறுக்கும். "சி:/பள்ளி படங்கள்" என்று இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், ஓடும். டைரக்டரி பகுதியில் அதே பாதை வரும்போதும் குறி வேண்டும். வேர்டில் வரும் வளைந்த குறி ஆகாது, நேர்க்குறியே போடவேண்டும்.

"ஒட்டியே எழுதிவிட்டால் தொல்லை இல்லையே" என்பார்கள். விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையே இடைவெளியோடுதான் இருக்கிறது. அதை என்ன செய்வீர்கள்?

பலகை வேறு, பல கை வேறு என்று என்னிடம் படித்தவர்கள் நீங்கள். இடைவெளிதான் பொருளைக் காக்கிறது. இயந்திரத்துக்குப் பயந்து அதைத் தின்னச் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் குறி போடச் சொல்லிக்கொடுங்கள். ஏன் என்றும் சொல்லிக்கொடுங்கள்.