சிட்டையை வாசிப்போம்

நோயாளர் காவு வண்டியில் வைத்தியசாலைக்குப் போய் வந்த சில வாரங்களில் கட்டணச் சிட்டை தபாலில் வருகிறது. மொன்ட்ரியால்-நோரில் வாழும் நம்மவர் சிலர் பிரெஞ்சு எழுத்தைக் கண்டஞ்சி, வாசியாமலே பணத்தைக் கட்டிவிடுகின்றனர். கட்டணத்தைக் கேட்பதற்கும் புகலிடக் கோரிக்கைக்கும் யாதொரு தொடர்புமில்லை.

கியூபெக் வாசிக்கு அடிப்படைக் கட்டணம் 125 டொலர்; கிலோமீற்றருக்கு 1.75 டொலர். மருத்துவத் தேவையெனில் 65 வயதை எட்டியோருக்கு இலவசம். அகதிக் கோரிக்கையாளரின் செலவைச் சமஷ்டி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. திகதியையும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருப்பின் முதலில் சிட்டை அனுப்பியோரிடமே விளக்கம் கேளுங்கள்.

பிழை வேறு, களவு வேறு. அமெரிக்காவில், இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நடமாடக்கூடிய நோயாளரைப் படுக்கையில் கிடப்போர் எனப் பொய்யெழுதி, அரச மருத்துவக் காப்புறுதியிடம் பணம் கறந்த தனியார் நிறுவனங்கள் தண்டிக்கப்பட்டன. இத்தகைய மோசடிகள் சிலவற்றை வெளிக்கொணர்ந்தோர் அங்கு வேலைசெய்த ஊழியர்களே. 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி வழக்கிட்டு வென்றோருக்கு, மீட்கப்படும் பணத்தில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கும்.

கியூபெக்கில் அத்தகைய வெகுமதியில்லை, பாதுகாப்புண்டு. பொது அமைப்புகளில் நிகழும் முறைகேட்டை, 2017 மே 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, 'புரொத்தெக்தர் டு சித்வாயென்' எனும் குறைகேள் அதிகாரியிடம் எவரும் இரகசியமாக அறிவிக்கலாம். அறிவித்தவரைப் பழிவாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது.

'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லுக்கு நம் மண்ணில் உயிர்கள் விலையாயின. ஆதலால் நாம் வாய்திறக்கத் தயங்குகிறோம். ஆயினும் நோயாளியின் பெயரால் நடக்கும் களவைச் சொல்வது காட்டிக்கொடுப்பன்று, கடமை.