அம்மாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு ஒரு பெயர்

இந்த மாதம் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அவருக்கு லீவு இல்லை. நான் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகலாமா? என்ன பேப்பர் வேணும்?"

கேட்கிறதில் நியாயம் இருக்கு. எங்கட கியூபெக்கில் பள்ளிக்கூடம் ஜூன் 24, சென் ஜோன் பெருநாளோடு முடிஞ்சிடும். அப்பாமாருக்கோ பெரும்பாலும் ஜூலைக் கடைசியில் வாற கட்டுமான விடுமுறை, அந்த இரண்டு கிழமைதான். அங்க அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். ஆகவே அம்மா முதலில் பிள்ளைகளோடு போறது, அப்பா பிறகு வந்து சேருறது என்பது மொன்றியலில் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

போகலாம். விசாதான் இதில் இலேசான பகுதி. அதை முதலில் முடிச்சுவிடுறேன்.

கனடாக் கடவுச்சீட்டில் இலங்கைக்குப் போற எவருக்கும் ஈ.ரீ.ஏ. என்ற இணைய அனுமதி வேணும். கைக்குழந்தை என்றாலும் அதுக்கும் தனியாக ஒன்று. விண்ணப்பிக்கிற இணையத்தள முகவரியின் முடிவில் 'கவ் டாட் எல்கே' என்று இருக்கா பாருங்கோ. தேடும்போது முதலில் வந்து நிற்கிற பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, கட்டணமும் கூட. 2024 ஏப்ரலில் இந்த வேலையை அரசாங்கம் வெளியார் நிறுவனங்களிடம் கொடுத்து, கட்டணமும் ஏறி, கட்டுநாயக்காவில் சனம் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 2ஆம் திகதி இலங்கை உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈ.ரீ.ஏ. முறை திரும்பி வந்தது. இதில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான்: போன வருசம் போய்வந்த மச்சாள் சொன்ன கட்டணத்தையும் முறையையும் நம்பாமல், விண்ணப்பிக்கிற அன்றைக்கு அரசாங்கத் தளத்தில் பாருங்கோ.

சுற்றுலா அனுமதி 30 நாளுக்கு. ஆறு கிழமை நிற்கிற திட்டம் என்றால் முடிகிறதுக்கு முன்னமே குடிவரவுத் திணைக்களத்தில் நீடிக்க வேணும். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேணும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கனடாக் கடவுச்சீட்டு ஐந்து வருசத்துக்கு மேல் கொடுக்கிறதில்லை. எங்களுக்குப் பத்து வருசம் என்பதால் பிள்ளையுடையதும் கிடக்கும் என்று நினைச்சுவிடுவோம். டிக்கெட் போட முதல் எடுத்துப் பாருங்கோ. போற வழியில் சென்னையில் இறங்கிச் சேலை எடுக்கிற எண்ணம் இருந்தால் எல்லாருக்கும் இந்திய விசாவும் வேணும். 2023 செப்டம்பர் 21ஆம் திகதி இந்தியா கனடாக்காரருக்கு விசாவை நிறுத்தியபோது, சுற்றுலா ஈ-விசா திரும்பி வர நவம்பர் 22 ஆனது. கலியாண வீட்டுக்குப் போறவர்கள் கடைசிக் கிழமைக்கு வைக்காதேங்கோ.

இனி விசயத்துக்கு வாறன். எங்கட பெயர்கள்.

கியூபெக்கில் 1981 ஏப்ரல் 2 தொடக்கம், கலியாணம் கட்டினாலும் பெண்ணின் சட்டப் பெயர் பிறந்த பெயர்தான். ரொறன்ரோவில் இருக்கிற உங்கட தங்கச்சி கணவரின் பெயருக்கு மாறியிருக்கலாம். நீங்கள் இங்க மாற ஏலாது. அதே சட்டத்தின்படி பிள்ளையின் குடும்பப் பெயர் பெற்றோரின் குடும்பப் பெயர்களிலிருந்துதான் வர வேணும். ஒருவருடையதாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம்.

ஆனால் எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இருந்ததில்லை. அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுப்பம். அப்பா சிவகுமார் நடராசா. அம்மா வதனி கந்தசாமி. மகள் ஆதிரை யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் ஆதிரை சிவகுமார் ஆகியிருப்பாள். மொன்றியலில் பிறந்ததால் ஆதிரை நடராசா. அப்பப்பாவின் பெயர் அவளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

இப்ப அம்மாவும் மகளும் மட்டும் கவுண்டரில் நிற்கிறார்கள். வதனி கந்தசாமி, ஆதிரை நடராசா. இரண்டு கடவுச்சீட்டிலும் ஒரு எழுத்துக்கூடப் பொருந்தாது. கனடாக் கடவுச்சீட்டில் பெற்றோர் பெயரும் இல்லை. கொழும்பில் இருக்கிற அதிகாரி எங்கட முறையை அறிஞ்சவராக இருந்தால், பிள்ளையின் அப்பா நடராசா என்று நினைக்கக் கூடும். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரோ சிவகுமார்.

"இது உங்கட பிள்ளைகளா?" என்று என்னையும் ஒருக்கா விமான நிலையத்தில் கேட்டார்கள். கேட்ட பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனாலும் பெற்ற தாய்க்கு அந்தக் கேள்வி வயிற்றுக்குள்ள ஒரு இழுவை இழுக்கும். பிள்ளை கடத்தலைத் தடுக்கிறதுக்குத்தான் கேட்கிறார்கள் என்று விளங்கினாலும் இழுக்கும். அன்றைக்கு என்ட கையில் இருந்த இரண்டு தாள்கள் அதை ஒரு நிமிசத்தில் முடிச்சுவைத்தன.

முதலாவது, பெற்றோர் இருவரின் பெயரும் அச்சிட்ட பிறப்புச் சான்றிதழ். பெற்றோர் பெயர் இல்லாத சின்ன அட்டை இதுக்கு உதவாது. எத்தா சிவில் அலுவலகத்தில் இணையத்திலேயே எடுக்கலாம். கோடை நெருங்க முதல் கேட்டுவையுங்கோ.

இரண்டாவது, போகாத பெற்றோரின் சம்மதக் கடிதம். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் கொண்டுபோகச் சொல்லிக் கனடா அரசாங்கமே சொல்லுது. மாதிரிக் கடிதமும் அவர்களின் தளத்தில் இருக்கு. விமான நிறுவனம் கேட்கலாம், அங்க குடிவரவு கேட்கலாம், திரும்பி வரும்போது ட்ரூடோ விமான நிலையத்திலும் கேட்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், ஆரோடு போகுது, எங்க தங்குது, எப்ப போய் எப்ப வருது, கையெழுத்துப் போடுறவரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் வேணும். நொத்தாரிசு அல்லது சத்தியக் கடதாசி ஆணையாளர் முன்னால் கையெழுத்துப் போட்டால் அதுக்கு ஒரு கனம் வரும். அதோடு அவரின் கடவுச்சீட்டுப் பிரதி ஒன்றையும் வையுங்கோ. போன பயணக் கடிதத்தைத் திகதி மாத்திக் கொண்டுபோகாதேங்கோ, ஒவ்வொரு பயணத்துக்கும் புதுசாக எழுதுங்கோ.

அப்பம்மாவோ சித்தியோ கூட்டிக்கொண்டு போறார்கள் என்றால் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேணும்.

இன்னுமொன்று. எங்கட சமூகத்தில் இதைச் சத்தமாகக் கதைக்க மாட்டோம். பிரிந்து வாழுற பெற்றோர், பிள்ளையைத் தனிய வளர்க்கிறவர்கள் இந்தக் கடிதத்துக்காகத்தான் பயணத்தையே விட்டுவிடுறார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அதன் பிரதியைக் கையில் வைச்சிருங்கோ. பிள்ளையை வெளிநாடு கூட்டிப் போறது பற்றி அதில் என்ன எழுதியிருக்கு என்று உங்கட வழக்கறிஞரிடம் டிக்கெட் போட முதல் கேளுங்கோ. துணையை இழந்தவர்கள் மரணச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுபோங்கோ. அந்தக் கேள்வியைப் பிள்ளைக்கு முன்னால் வாயால் விளங்கப்படுத்துறதைவிட ஒரு தாளை நீட்டுறது எவ்வளவோ சுகம்.

கூட வாற அம்மம்மா கனடாவில் நிரந்தர வதிவிடக்காரர் என்றால் அவரின் பி.ஆர். அட்டையின் திகதியையும் பாருங்கோ. அது காலாவதியானால் திரும்பி வர விமானத்தில் ஏத்த மாட்டார்கள்.

கடைசியாக, பேப்பர் இல்லாத ஒரு ஆயத்தம். சில அதிகாரிகள் அம்மாவை விட்டுட்டுப் பிள்ளையைத்தான் கேட்பார்கள், "இவ ஆர்? அப்பாட பேர் என்ன?" என்று. எங்கட பிள்ளைகளுக்கு அப்பா அப்பாதான், அப்பப்பா அப்பப்பாதான். முழுப் பெயர் தெரியாது. வெளிக்கிட முதல் ஒரு பின்னேரம் கடவுச்சீட்டுகளை மேசையில் வைச்சு, ஆர் பெயர் எங்க இருந்து வந்தது என்று சொல்லிக் கொடுங்கோ. தன்ட பெயருக்குப் பின்னால் இருக்கிற நடராசா ஆர், எந்த ஊர், என்ன வேலை செய்தவர் என்று ஆதிரைக்குத் தெரியட்டும். அவள் போய் இறங்கப்போறது அவரின் ஊரில்தானே.