லீவுக்கு எங்கே போவது? அம்மாவைக் கேளுங்கள்!

பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். 'எங்கேப்பா டூர் போறோம்?' பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்டி, எதிர்வீட்டுக்காரர்கள் மூணாறு என்று பட்டியல் வேறு நீளும். நீங்களும் காலண்டரைப் பார்ப்பீர்கள், பாங்க் கணக்கைப் பார்ப்பீர்கள், கடைசியில் கிரெடிட் கார்டைப் பார்ப்பீர்கள்!

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கார்டை வெளியே எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். போன தடவை டூர் முடிந்து வந்த மறுநாள் உங்கள் வீடு எப்படி இருந்தது? மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி. சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. தாத்தாவுக்கு முழங்கால் வீக்கம். இன்னும் இரண்டு நாள் லீவு கிடைத்தால் தேவலை என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். 'டூர் போன களைப்பு தீர ஒரு லீவு வேணும்' என்று தமாஷாகச் சொல்கிறோம். ஓய்வுக்காகச் செலவழித்த பணத்தில் களைப்பை வாங்கி வந்திருக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

என் கட்சி இதுதான். நடுத்தரக் குடும்பத்துக்கு, அதிலும் வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடம்தான் நல்ல சுற்றுலாத்தலம். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உடம்புக்கு நல்லது என்பதற்காகவும் சொல்கிறேன்.

ஓய்வா, ஓட்டமா?

மே மாதம் மலைக்குப் போவதில் என்ன நடக்கிறது? நாம் நினைத்த அதே வாரத்தில் ஊரே அங்கே போக நினைக்கிறது. கூட்டம் எந்த அளவுக்குப் போயிற்று என்றால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே கொண்டுவர வேண்டியதாயிற்று. அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே கொண்டை ஊசி வளைவில் நின்று நின்று ஏறும்போது, பின் சீட்டில் குழந்தை பாலிதீன் பையும் கையுமாக உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் இரவு பஸ்ஸில் தூக்கம் போச்சு. இரண்டாம் நாள் 'எட்டு இடம் பார்க்கணும்' என்ற ஓட்டம். சாப்பாடு வேளை தவறிப் போகிறது. கிடைத்த இடத்தில் கிடைத்த தண்ணீர். மூன்றாம் நாள் திரும்பவும் ராத்திரிப் பயணம். இதில் உடம்பு எந்த மூலையில் ஓய்வெடுக்கும், சொல்லுங்கள்?

அம்மாவுக்கு லீவு உண்டா?

இன்னொரு விஷயம். இதை ஆண்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

டூர் கிளம்புகிற அன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுவது யார்? யாருக்கு எத்தனை செட் துணி, யாருடைய மாத்திரை எந்தப் பையில் என்று மனப்பாடமாக வைத்திருப்பது யார்? திரும்பி வந்ததும் எல்லோரும் சோபாவில் சாய, நேராகச் சமையலறைக்குள் நுழைவது யார்? அப்பாவுக்கு ஆபீஸ் லீவு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு. அம்மாவுக்கு மட்டும் வேலை நடக்கிற இடம்தான் மாறுகிறது!

வெளியே சொல்லாத சங்கடம் ஒன்றும் உண்டு. நீண்ட பயணத்தில் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வழியில் சுத்தமான கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயம். காலையில் ஒரு வாய் காபியோடு சரி, மதியம் வரை நா வறண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோடை வெயிலில் தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு வந்தால், ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று டாக்டரிடம் போக வேண்டி வரலாம். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டிகள் சிலர், பயண நாளில் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவதும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாத காரியம் அது.

ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் இந்தச் சங்கடத்தில் பெரும் பகுதி குறைந்துவிடும். ஆகவே, 'எங்கே போகலாம்?' என்ற கேள்வியை முதலில் அம்மாவிடம் கேளுங்கள். 'எங்கேயும் வேண்டாம், ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினாப் போதும்' என்று அவர் சொன்னால், சிரித்து ஒதுக்காதீர்கள். அதையும் திட்டத்தில் சேருங்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது?

'எங்க ஊர்ல என்ன சார் இருக்கு, பார்க்க?' என்கிறீர்களா? திருச்சியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய முறை இதேதான்: எந்த இடம், எந்த மாதம், எந்த நேரம்.

கல்லணையும் முக்கொம்பும் திருச்சிக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். கரிகால் சோழன் கட்டியது கல்லணை. முக்கொம்பு மேலணை 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்தது. ஆனால் மே மாதம் போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம். வழக்கப்படி டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அதுவும் முன்னே பின்னே ஆகும். ஆகவே இந்த இரண்டையும் கோடை லீவில் சேர்க்காதீர்கள். ஆடிப்பெருக்கு முடிந்து கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கோ, காலாண்டு லீவுக்கோ எடுத்து வையுங்கள்.

தஞ்சாவூர் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலைப் பார்க்க டிக்கெட் கிடையாது. காலை ஆறரைக்குள் உள்ளே இருந்தால் பிரகாரம் முழுக்கக் குழந்தைகள் ஓடி விளையாடலாம். பத்து மணிக்கு மேல் அதே கல் தரை அடுப்பாகிவிடும்.

புதுக்கோட்டைக்குப் பக்கத்துச் சித்தன்னவாசலை அரையாண்டு லீவுக்கு வையுங்கள். வெறும் பாறை அது, மே மாதத்தில் சுடும். மார்கழிக் காலையில் போனால் சுகம். குகைக் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர் என்று ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வண்ணம். மேலே ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள், தலையணையோடு சேர்த்தே செதுக்கியவை! 'இதுல எப்படிப்பா தூங்கினாங்க?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஃபோமுக்கு அடம்பிடிக்கிற வீட்டில் நல்ல பேச்சு கிளம்பும்.

சரி, கோடைக்கு என்ன? ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. மரமும் நிழலும் உண்டு. காலையில் போய் வரலாம். ஊருக்குள்ளேயே ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டி மலை ரயிலை இழுக்கும் நீராவி என்ஜின்களில் சில, திருச்சி பொன்மலைப் பணிமனையில் உருவானவை என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? ஊட்டிக்குப் போகாமலேயே ஊட்டி ரயிலின் கதையைச் சொல்லலாமே! எந்த இடமானாலும், எந்தக் கிழமை மூடுவார்கள் என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலைதான் வேண்டும் என்றால் பச்சைமலையும் கொல்லிமலையும் உண்டு. ஆனால் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏற ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கும், முட்டி வலிக்கும் பாட்டிக்கும், நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கும் அது ஒத்துவராது. பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே ஓர் இடம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள், பிறகு இடத்தை. நாம் தலைகீழாகச் செய்வதால்தான் கடன் வருகிறது. வருஷத்துக்கு 8,000 ரூபாய்தான் முடியும் என்றால் அதை நாலு கவரில் இரண்டிரண்டாயிரமாகப் போடுங்கள். கோடைக்கு ஒன்று, காலாண்டுக்கு ஒன்று, அரையாண்டுக்கு ஒன்று, திடீர் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. வருஷம் முழுக்க ஒரே டூர் என்று காத்திருப்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூச்சு விட்டுக்கொள்வது மனசுக்கு எவ்வளவோ மேல். ஒன்று மழையில் கெட்டுப்போனாலும் அடுத்தது இருக்கிறதே!

ஒரு கவரைப் பெரிய பிள்ளையிடமே கொடுங்கள். பஸ்ஸா, ஆட்டோவா, ஐஸ்கிரீமா, பொம்மையா என்று அவனே கணக்குப் போடட்டும். 'அப்பா, இன்னும் முந்நூறுதான் இருக்கு' என்று அவன் வாயால் வந்தால், அடம் பாதி அடங்கிவிடும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது காலைச் சாப்பாடு. கூட்டம் உள்ள, ஆவி பறக்கப் பரிமாறுகிற ஹோட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள். அம்மா மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்து காய்ச்சி ஆறிய தண்ணீரை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் இரண்டும் வேண்டாம். பையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நிற்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தாத்தா, பாட்டியை விட்டுவிட்டா?

தூரப் பயணம் என்றதும் வீட்டுக் காவலுக்கு நிற்பவர்கள் இவர்கள். 'எங்களால முடியாதுப்பா, நீங்க போய்ட்டு வாங்க' என்பார்கள். முதியவர்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், செலவைச் சொல்லியும் பின்வாங்குவார்கள். பக்கத்து ஊர் என்றால் இந்தச் சாக்கு எடுபடாது.

கூட்டிப் போகும்போது மூன்று விஷயம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. கோயிலில் வெறுங்காலோடு மதியம் ஒரு சுற்று வந்தால் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். ஆறாத புண்ணுக்கு அதுவே ஆரம்பமாகலாம். காலை வேளையில் போங்கள், கனமான பருத்திக் காலுறை போடச் சொல்லுங்கள், வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். இரண்டாவது, இன்சுலினை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விடாதீர்கள். மூன்றாவது, கோடையில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாருமே வெயிலில் இருக்க வேண்டாம். அது கூரைக்குக் கீழே சாப்பிட்டுத் தூங்கும் நேரம்.

ஆறு, அணை என்று போகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பு. குளிக்கத் தடை என்று போர்டு இருந்தால் தடைதான். மணலுக்குள் எங்கே குழி இருக்கும், எப்போது தண்ணீர் கூடும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. 'எனக்கு நீச்சல் தெரியும்' என்ற பேச்சு கிணற்றில் செல்லும், காவிரியிலும் கொள்ளிடத்திலும் செல்லாது. குழந்தைகள் கால் நனைக்கும்போது பெரியவர் ஒருவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கூடவே நிற்க வேண்டும்.

'ஆனா என் ஃப்ரெண்டு சிம்லா போனானே!'

இந்த வசனம் வரத்தான் செய்யும். தூர ஊரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையும் கடலும் பனியும் பிள்ளைகள் பார்க்க வேண்டியவைதான். சில வருஷம் சேர்த்து, கடன் இல்லாமல், கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்துப் போய் வாருங்கள். அடுத்த வீட்டுக்குப் போட்டியாகப் போகிற டூருக்குத்தான் நான் எதிரி. அதில் போட்டோ மிஞ்சுகிறது, தவணை மிஞ்சுகிறது, ஓய்வு மிஞ்சுவதில்லை.

பிள்ளைகளுக்கு நாளைக்கு நினைவில் நிற்கப் போவது எது என்று யோசியுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பது நிற்காது. அப்பா அன்றைக்குக் கோபப்படவில்லை, அம்மா அவசரப்படவில்லை, தாத்தா கல்லணைக் கரையில் உட்கார்ந்து பழங்கதை சொன்னார் என்பது நிற்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து ஒரு தாள் எடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிற பத்து இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்ற மாதத்தையும் நேரத்தையும் போடுங்கள். பிறகு பேனாவை அம்மாவிடம் கொடுத்து, முதல் இடத்தை அவரையே டிக் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்குச் சமையல் யார் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அம்மா பேர் மட்டும் அதில் வரக் கூடாது!