அவையின் மௌனம்

குடும்பத்துக்குள் பெண்கள் மீது நிகழும் வன்முறையைப் பற்றி நாடகத்தின் வழியே விழிப்புணர்வு ஊட்டுவது என்றவுடன், குடித்துவிட்டு வரும் கணவனையும் அடிபடும் மனைவியையும் காட்டி, முடிவில் உதவி எண்ணை உரக்கச் சொல்லிக் கலைந்துபோகும் அரைமணி நேர நிகழ்ச்சியே அரசுத் துறைகளின் நினைவுக்கு முதலில் வருகிறது. நாடகத்தைச் செய்தி சுமக்கும் வண்டியாக மட்டும் கருதும் இப்பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் 181 என்ற உதவி எண்ணையும் பெண்கள் அறிந்திருப்பது இன்றியமையாததே. ஆயினும் 2019–21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினரே. 77 விழுக்காட்டினர் உதவி நாடவும் இல்லை, எவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. எண் தெரியாமையால் மட்டும் இத்தனை பேர் மௌனமாக இருக்க முடியாது. சொன்னால் கேட்பவர் துணை நிற்பாரா, 'குடும்பம் என்றால் நாலும் இருக்கும்' என்று வந்த வழியே அனுப்பிவிடுவாரா என்ற அச்சம் அம்மௌனத்தில் பெரும் பங்கு வகிக்கிறது.

திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துகிலுரிதல் கூத்தை விடிய விடியப் பார்த்துப் பழகிய வடதமிழகத்து ஊர்களுக்கு, பார்த்து நிற்போர் துணைவராத இந்நிலை புதிய செய்தியன்று. துகிலைப் பற்றி இழுப்பவன் துச்சாதனன் ஒருவனே எனினும், பீஷ்மரும் துரோணரும் வீற்றிருந்த அவை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவன் கை நீண்டது. விகர்ணன் எழுந்து அது அறமன்று என்றபோதும் அவன் பின்னால் அவை எழவில்லை. பக்கத்து வீட்டு அலறல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் தெருவும் அந்த அவையே; விழிப்புணர்வு நாடகம் முதலில் பேச வேண்டியது அதனிடம்தான்.

தெருவிடமே பேச வேண்டும் என்பதை இந்தியத் தெருநாடகம் முன்பே உணர்ந்திருந்தது. ஜன நாட்டிய மஞ்ச் குழு 1979இல் 'ஔரத்' (பெண்) நாடகத்தை நிகழ்த்திய அதே காலப்பகுதியில், மருமகள்கள் எரிந்து மாண்ட நிகழ்வுகள் அடுப்பு விபத்துகளாகப் பதிவாகிவந்த தில்லியில், 'ஓம் ஸ்வாஹா' நாடகம் அவற்றைக் கொலை என்று தெருமுனைகளில் பெயரிட்டுச் சொன்னது.

பெயரிடுவதற்கு அடுத்த படியைக் காட்டியவர் பிரேசில் நாடகவியலாளர் அகஸ்டோ போவால். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டமொன்றில் அவர் பணியாற்றியபோது, வஞ்சித்த கணவனை மனைவி எவ்வாறு எதிர்கொள்வது என்ற காட்சியில், தாம் சொன்ன தீர்வை நடிகை எத்தனை முறை நடித்தும் நிறைவடையாத பார்வையாளப் பெண் ஒருவர், தாமே மேடையேறி, கையில் துடைப்பத்துடன் அந்தக் கணவன் பாத்திரத்தை எதிர்கொண்டார் என்று போவால் பதிவு செய்திருக்கிறார். இன்று உலகெங்கும் வழங்கும் விவாத அரங்கு, அதாவது பார்வையாளரே நாடகத்தை இடைமறித்து மாற்றும் வடிவம், ஒரு பார்வையாளப் பெண்ணின் பொறுமையின்மையிலிருந்து பிறந்தது என்பது நினைவில் நிற்கத்தக்கது. இவ்வடிவத்தில் ஒடுக்கப்பட்டவரின் தோல்வியில் முடியும் சிறு நாடகம் மீண்டும் தொடக்கத்திலிருந்து நிகழ்த்தப்பட, 'நிறுத்து' என்று குரல் கொடுக்கும் எவரும் ஒடுக்கப்பட்டவரின் இடத்தை ஏற்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். கொடுமைக்காரன் திடீரென்று நல்லவனாகிவிடும் மாயத் தீர்வு ஏற்கப்படுவதில்லை. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று வினாக்களைத் தொடுக்கும் நெறியாளர், கூத்தில் பார்வையாளரோடு பேசும் கட்டியங்காரனுக்கு நெருங்கிய உறவினர்.

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் 1985இல் சஞ்சய் கங்குலி முதலியோர் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி அமைப்பு, வரதட்சணையையும் புகுந்த வீட்டுக் கொடுமையையும் பேசும் 'சோனார் மேயே' நாடகத்தை இவ்வடிவில்தான் ஊர் ஊராகக் கொண்டுசென்றது. கிராமத்து உழைப்பாளிகளே நடிகர்களாக இருப்பதும், ஒரே ஊருக்கு ஒரே நாடகத்துடன் மீண்டும் மீண்டும் செல்வதும் அதன் வலிமை. முதல் நாள் வேடிக்கை பார்த்த மாமியார், மறுமுறை வரும்போது தம் மருமகளை நினைத்துக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும். அதற்கான கால இடைவெளியை ஒருநாள் நிகழ்ச்சி ஒருபோதும் தராது.

ஊரறிய எழுந்து பேசிய பெண் அன்றிரவே வீட்டில் அடி வாங்கக்கூடும் என்ற எதிர்வாதம் மெய்யானது, அதைத் தட்டிக்கழிப்பது கொடிது. ஆகவே நாடகம் நடக்கும் இடத்தில், சட்டப்படி புகாரைப் பதிந்து நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்லும் கடமையுள்ள பாதுகாப்பு அலுவலர் அமர்ந்திருக்க வேண்டும். குழு சில வாரங்களில் திரும்பி வரும் என்பதும் அவ்வூருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழக அரசின் சமூக நலத்துறை இதற்கென நிலையான நல்கை ஒதுக்கி, உள்ளூர்ப் பெண்களையே நடிகர்களாகவும் நெறியாளர்களாகவும் பயிற்றுவிக்கட்டும். ஆண்டறிக்கையில் எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்ற வரிக்குப் பதிலாக, ஒவ்வோர் ஊருக்கும் குழு எத்தனை முறை திரும்பிச் சென்றது, அங்கே எத்தனை பேர் 'நிறுத்து' என்று எழுந்தனர் என்ற கணக்கு இடம்பெறட்டும்.