நாயின் கட்டியும் மந்திரக் கயிறும்

நமது தோழர் ஒருவர் வீட்டு நாய்க்கு விலாப்புறத்தில் திடீரென்று ஒரு கட்டி புறப்பட்டது. காலையில் இல்லாதது மாலையில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்ததாம். வீட்டுப் பெரியவர்கள் உடனே, "நாய் வைரவர் வாகனமல்லவா, ஏதோ தெய்வ குற்றம்" என்று சொல்லி, மந்திரித்த கயிறு ஒன்றை வாங்கிவந்து அதன் கழுத்தில் கட்டினார்கள். மூன்றாம் நாள் கட்டி வற்றிவிட்டது. கயிற்றுக்காரருக்குத் தட்சணையும் கிடைத்தது, பேரும் கிடைத்தது. ஆறு மாதம் சென்று அதே இடத்தில் எலுமிச்சங்காயளவாய்ப் புண்ணாகித் திரும்பி வந்தபோதுதான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசியால் எடுத்துப் பார்த்ததில் மாஸ்ட் செல் கட்டி என்னும் புற்று என்று தெரிந்தது. அதற்குள் உள்ளேயும் பரவிவிட்டபடியால் நாய் மாண்டது.

தோழரை ஏளனம் செய்ய நாம் இதை எழுதவில்லை. "கயிறு கட்டினோம், வற்றிற்றே! பிரத்தியட்சமாய்க் கண்டதை எப்படி இல்லையென்பது?" என்று அவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வற்றியது மெய். ஆனால் இந்தக் கட்டியின் சுபாவமே ஒருநாள் வீங்குவதும் மறுநாள் சுருங்குவதுமாகும். அதன் உயிரணுக்களுக்குள் ஹிஸ்டமின் என்ற சரக்கு பொதிந்திருக்கிறது. தடவினாலும் அழுத்தினாலும் அது வெளிப்பட்டுச் சுற்றுப்புறம் சிவந்து வீங்கும். பிறகு தானே வடியும். நாய்களின் தோலில் வரும் பொல்லாத கட்டிகளில் அதிகமாய்க் காணப்படுவது இதுவே. ஆகவே அன்று கயிற்றுக்குப் பதிலாகக் கழுதைவால் மயிரைக் கட்டியிருந்தாலும் அது வற்றியேயிருக்கும். கயிறு கட்டாத நாய்க்கும் வற்றுகிறதா என்று பார்த்தவர் யார்?

நிற்க, கட்டி என்றாலே புற்று என்று அலறவும் வேண்டியதில்லை. குளவி கொட்டியிருக்கலாம், வேறொரு நாய் கடித்த இடத்தில் சீழ் கோத்திருக்கலாம், காது மடலில் ரத்தம் கட்டியிருக்கலாம், வயதான நாயானால் வெறும் கொழுப்புக் கட்டியாயிருக்கலாம். எது எதுவென்று கண்ணாலும் கையாலும் நிச்சயமாய்ச் சொல்லப் படித்த வைத்தியருக்கே முடியாதென்றால் கயிற்றுக்காரருக்கு எப்படி முடியும்? மெல்லிய ஊசியைக் குத்திச் சிறிது எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். எடுப்பது சில நிமிஷ வேலை; பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. "தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடும் வைத்தியரிடமும் ஊசியால் எடுத்துப் பாருங்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. வைத்தியர் சொல்லும் வேதமல்லவே!

அதுவரையில், கண்ட தேதியையும் இடத்தையும் அளவையும் ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். பிதுக்காதீர்கள். சூடு போடாதீர்கள். சுண்ணாம்பு பூசினால் நாய் நக்கி வாய் வெந்துபோகும். உங்கள் தலைவலிக்கு வாங்கிய மாத்திரையையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் இபுபுரோபெனும் அதற்கு விஷமாகக்கூடும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பட்டாணியளவுக்கு மேற்பட்ட கட்டி ஒரு மாதம் நின்றாலும், வளர்ந்தாலும், வற்றி மறுபடி வந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெட்டை நாய்க்கு முலைக்காம்பருகில் வந்தால் ஒரு மாதங்கூட வேண்டாம். அவற்றில் ஏறக்குறையப் பாதி பொல்லாதவை. தட்சணைக்குச் செலவாகும் பணம் வண்டிச் சத்தத்துக்கு ஆகும்.

"புற்றென்றால் விதிதானே, பார்த்து என்ன பயன்?" என்பவர்களும் உண்டு. மாஸ்ட் செல் கட்டி சிறிதாயிருக்கையிலேயே, சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து அறுத்தெடுத்தால் பல நாய்களுக்கு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. நமது தோழரின் நாய்க்குக் கயிறு கட்டிய அன்று இருந்தது புளியங்கொட்டை அளவுதான்.