இருவர் ஆட்டம்

தனித்து நின்று வெல்லுதல் அரிது. பிறரொருவரோடு இயைந்து நின்று வெல்லுதல் அதனினும் அரிது. என்னை? தனித்து ஆடுவோர் தம் உள்ளம் ஒன்றையே அடக்கின் அமையும். இணைந்து ஆடுவோரோ தம் ஆற்றலோடு தோழரது தளர்ச்சியையும் தம்மதாகக் கொள்ளல் வேண்டும். செய்யாற்றங்கரையில் சம்பந்தர் பாடல் பெற்ற மாகறல் முதலிய ஊர்களினின்றும் காஞ்சிக்குச் சென்று பட்டுத்தறியைக் கண்டோர் இதனை நன்குணர்வர். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்யுங்கால், நெசவாளர் அருகே உதவியாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை எறிவர். ஒருவர் கை பிந்தினும் உடலும் கரையும் பொருந்தா. ஆயினும் சேலையைப் புகழ்வோர் அவ்விரண்டாங் கையை நினைப்பது அரிது.

அக்காஞ்சிமாநகர் ஈன்ற நங்கையார் துளசிமதி முருகேசன் என்பார். 2002ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இடக்கையிற் குறைபாடு உடையவர். எளிய குடியினராகிய தந்தையாரே இவர்க்கு முதற்கண் இறகுப்பந்து பயிற்றினர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவாறே இவர் ஆடுகளத்திலும் உயர்ந்தனர். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் சீனத்து ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசியப் பாரா விளையாட்டு விழாவில் மகளிர் ஒற்றையரிற் பொன்னும், மகளிர் இரட்டையரில் வெள்ளியும், கலப்பு இரட்டையரில் வெண்கலமும் கொண்டு மீண்டனர்.

மகளிர் இரட்டையரில் இவர்க்குத் துணையாய் நின்றவர் மானசி ஜோஷி என்பார். 2011ஆம் ஆண்டு சாலை விபத்தொன்றில் இடக்காலை இழந்து, செயற்கைக் கால் பூண்டு ஆடி, 2019ஆம் ஆண்டில் ஒற்றையர் ஆட்டத்தில் உலகப் பட்டம் எய்தியவர் அவர். ஒருவர்க்குக் கையிற் குறை. மற்றவர்க்குக் காலிற் குறை. அவ்விருவரும் ஒரு களத்தில் ஓருயிராய் நின்று, 2024 பிப்ரவரியில் தாய்லாந்து நாட்டுப் பட்டாயாவில் நிகழ்ந்த உலகச் சாம்பியன் போட்டியிற் பதக்கம் கைக்கொண்டனர். ஒருவர் எட்டமாட்டாத பந்தை மற்றவர் எடுப்பதன்றோ இரட்டையர் ஆட்டத்தின் சாரம்!

ஆறு திங்கள் கழிந்து பாரிஸ் நகரிற் பாராலிம்பிக் விழா கூடிற்று. துளசிமதியார் அரையிறுதியில் நம் நாட்டவராகிய மனிஷா ராமதாஸை 23-21, 21-17 என வென்று, இறுதியிற் சீனத்து யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 எனத் தோற்று, வெள்ளி பெற்றனர். மனிஷா வெண்கலம் பெற்றனர். அவ்விழாவில் இந்திய மகளிர் இறகுப்பந்திற் பதக்கம் பெறுதல் அதுவே முதன்முறை. 2024ஆம் ஆண்டிற்குரிய அர்ஜுனா விருதும் துளசிமதியாரை அடைந்தது.

மகிழ்ச்சியே. ஆயின் அவர் உலகப் போட்டியிற் பதக்கம் கொண்ட அவ்விரட்டையர் ஆட்டம் யாதாயிற்று? நின்று ஆடும் மகளிர்க்குரிய அப்பிரிவு பாரிஸ் விழாவில் இடம்பெறவே இல்லை! 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் அஃது இருந்தது. இந்தோனேசியர் லியானி ராத்ரி ஒக்திலாவும் கலிமாதுஸ் சாதியாவும் பொன் கொண்டனர். ஜப்பானியர் நொரிக்கோ இத்தோவும் அயாகோ சுசுகியும் தம் நாட்டு மண்ணிலேயே வெண்கலம் கொண்டனர். பாரிஸிலோ அக்கதவு அடைபட்டது.

பிரிவுகளின் எண் அளவிறந்து பெருகின் விழா தாங்காது எனச் சிலர் கூறுவர். டோக்கியோவில் 14 ஆக இருந்த இறகுப்பந்துப் பிரிவுகள் பாரிஸில் 16 ஆயின, எண் குறைந்திலது. புதியனவாக வந்த மகளிர் ஒற்றையர் பிரிவுகளை யாம் வெறுப்போம் அல்லேம். மானசியார்க்கே அவற்றுள் ஒன்றுதான் பாரிஸில் இடமளித்தது. கலப்பு இரட்டையர் உண்டே எனின், அதனில் ஒவ்வோர் இணைக்கும் ஒரு பெண்ணே உளர். இரு மகளிர் கூடிப் பழகிய பயிற்சிக்கு அது கூலியாகாது. ஒன்றைச் சேர்த்தற்கு மற்றொன்றை நீக்குதல் முறையன்று என்பதே எம் துணிபு.

இணையின் பெருமை யாது எனின், 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தை நினைமின். ஜப்பானிய நங்கையர் அயாகா தக்காஹாஷியும் மிசாகி மத்சுதோமோவும் டென்மார்க்கு இணையோடு மூன்றாம் சுற்றில் 16-19 எனப் பின்தங்கினர். அடுத்த ஐந்து புள்ளிகளையும் தாமே கொண்டு 21-19 என முடித்தனர். ஜப்பான் இறகுப்பந்திற் பெற்ற முதல் ஒலிம்பிக் பொன் அதுவே. 2020ஆம் ஆண்டிற் தக்காஹாஷி ஓய்வு பெற்றனர். இன்றும் அவர் பெயரைச் சொல்வோர் மத்சுதோமோ பெயரையும் உடன் சொல்லாதிரார். இத்தகு புகழ் உடற்குறை உடைய மகளிர்க்கு மட்டும் ஏன் மறுக்கப்படல் வேண்டும்?

உலகக் குழுவினர் செய்யத்தக்கது அவர் கையது. நாம் செய்யத்தக்கது நம் கையது. கல்லூரி விளையாட்டு நாட்களில் உடற்குறையுடைய மாணவர்க்குத் தனிப்பந்தயம் ஒன்று வைத்து, பரிசொன்று ஈந்து, கைதட்டி அமர்த்துதல் வழக்கம். அது பரிவு, பங்கு அன்று. இறகுப்பந்து இரட்டையரில் அவருள் ஒருவரும் ஏனையோருள் ஒருவரும் இணைந்து ஆடும் பிரிவொன்றை நம் கல்லூரி வரும் ஆண்டே தொடங்குக. அதற்கு வேண்டுவன ஒரு வலையும், நான்கு மட்டைகளும், மாலைதோறும் ஒரு நாழிகையுமே. தோழன் எட்டாத பந்தை எடுக்கவும், தனக்கு எட்டாததைத் தோழனுக்கு விடவும் கற்றவர், கல்லூரி வாயிலைக் கடந்த பின்னும் அதனை மறவார். ஆசிரியரும் மாணவரும் ஆய்ந்து ஆவன செய்வாராக.