எறிபவரா, வீழ்த்துபவரா?

2006 ஏப்ரலில், ஓய்வு பெற்ற கையோடு, ஹூஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரமே அங்கே ஒரு சண்டை. ஊருக்கும் ஊரின் புட்பால் அணிக்கும் நடந்த சண்டை. பிறகு அது எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது.

அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்வது நாம் புதுச்சேரியில் ஆடியதல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிவார்கள், கட்டிக்கொண்டு ஓடுவார்கள்; காலுக்கு வேலை கொஞ்சம்தான். பிரெஞ்சில் படித்தவனுக்கு அந்த ஆங்கில வர்ணனை பாதிதான் பிடிபட்டது. மீதியை மகன் சொல்லித் தந்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை கல்லூரி ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறைவைத்துப் பொறுக்குவார்கள். டிராஃப்ட் என்று பெயர். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. காலமெல்லாம் சீனியாரிட்டி லிஸ்ட் எழுதியவனுக்கு இந்தத் தலைகீழ் வரிசை வேடிக்கையாக இருந்தது.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி அதற்கு முந்தைய பருவத்தில் 16 ஆட்டத்தில் 2 மட்டும் ஜெயித்திருந்தது. ஆகவே முதல் உரிமை அவர்களுக்கு. ஊர் ஆசைப்பட்டது வின்ஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்குக்கு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக். யங் ஹூஸ்டனிலேயே வளர்ந்த பையன். அந்த ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தில், 19 விநாடி மீதமிருக்கும்போது தானே ஓடிப்போய் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு 41–38 என்று வெற்றி வாங்கித் தந்தவர். என் மகன் படித்ததும் அதே ஆஸ்டின் பல்கலைக்கழகம். கேட்க வேண்டுமா? ரெஜி புஷ் என்ற ஓட்டக்காரரை எடுப்பார்கள் என்று சொன்னவர்கள் இன்னும் அதிகம். அணியோ இருவரையும் விட்டுவிட்டு, டிராஃப்டுக்கு முந்தின இரவே மரியோ வில்லியம்ஸோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. 6 அடி 7 அங்குல ஆள். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்தி, பந்தை எறியுமுன் வீழ்த்துவது அவர் வேலை. பாஸ் ரஷர் என்பார்கள்.

நம்மூரில் பெத்தாங்க் ஆடியவர்களுக்கு உடனே விளங்கும். குண்டை இலக்கின் அருகே நயமாகக் கொண்டுபோய் வைப்பவர் ஒருவர். எதிராளி வைத்ததை அடித்துப் பறக்கவிடும் திரேர் ஒருவர். யாரை முதலில் சேர்ப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "சொந்த ஊர்ப் பிள்ளையை விட்டுட்டானுங்கப்பா" என்றான். அணி செய்தது சரி என்றேன் நான். அன்று பேச்சு நின்றது.

இன்றும் அதையே சொல்கிறேன். காரணம், அந்த அணியில் ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக் இருந்தார். 2002-இல் அணி பிறந்தபோது இதே முதல் உரிமையில் எடுத்த டேவிட் கார். அந்த முதல் வருஷத்திலேயே அவரை 76 முறை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். 2005-இல் 68 முறை. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் போல நிற்க வேண்டும். அந்தச் சுவர் அங்கே இல்லை. கீழே எழுத்தரும் கோப்பும் இல்லாத செக்‌ஷனுக்குக் கெட்டிக்கார அதிகாரியைப் போட்டு, ஆறு மாதத்தில் அவரைக் குறை சொல்வதை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். யங்கை எடுத்திருந்தால் அவரும் அதே மண்ணில்தான் விழுந்திருப்பார். துரத்துபவருக்கு அந்தச் சுவர் தேவையில்லை. அதோடு, பெய்டன் மானிங் போன்ற எறிபவரை வருஷத்துக்கு இருமுறை சந்திக்க வேண்டிய அணி அது.

அந்த டிசம்பரில் விடியற்காலை போன் அடித்தது. நான் ஊர் திரும்பிவிட்டேன். டென்னஸி அணிக்குப் போயிருந்த யங், ஹூஸ்டனுக்கே வந்து, கூடுதல் நேரத்தில் 39 கஜம் ஓடி டெக்ஸன்ஸைத் தோற்கடித்திருந்தார். "இப்ப என்ன சொல்றீங்கப்பா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் பரிசும் யங்குக்கே. வில்லியம்ஸ் எதிராளியை வீழ்த்தியது வெறும் நாலரை முறை (இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை!). அடுத்த வருஷம் அது 14 ஆயிற்று, அதற்கடுத்த வருஷம் 12. யங் 2010-க்குப் பிறகு டென்னஸியில் இல்லை. மகன் அதைப் பற்றி போன் செய்யவில்லை.

ஆனால் என் வாதம் நொண்டும் இடமும் உண்டு. 2017-இல் கிளீவ்லாண்ட் முதல் உரிமையில் மைல்ஸ் காரெட் என்ற துரத்துபவரை எடுத்தது. அருமையான ஆட்டக்காரர், 2023-இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். அப்படியும் அவரை எடுத்த வருஷம் அந்த அணி 16 ஆட்டத்திலும் தோற்றது. அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போன பாட்ரிக் மஹோம்ஸ், கன்சாஸ் சிட்டிக்கு மூன்று சூப்பர் பவுல் வாங்கித் தந்தார். நல்ல எறிபவர் ஒருவர் மற்ற பத்துப் பேரையும் தூக்கி நிறுத்துவார் என்பது உண்மை. ஆனால் மஹோம்ஸை முதல் வருஷம் அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த வீடு அது. கிளீவ்லாண்டுக்குப் போயிருந்தால்? "நிரூபிக்க முடியாததை வாதமா வைக்காதீங்கப்பா" என்கிறான் மகன். அவன் சொல்வதும் நியாயம்தான்.

2023-இல் டெக்ஸன்ஸ் இந்தக் கேள்வியையே ஓரங்கட்டினார்கள். இரண்டாவது உரிமையில் சி. ஜே. ஸ்ட்ரவுட் என்ற எறிபவர். அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுத்து வாங்கிய மூன்றாவது உரிமையில் வில் ஆண்டர்சன் என்ற துரத்துபவர். தாக்குதலில் சிறந்த புதுமுகம், தடுப்பில் சிறந்த புதுமுகம், இரண்டு பரிசும் ஒரே அணிக்கு வந்தன. மகனும் நானும் 17 வருஷத்துக்குப் பிறகு ஒரே பக்கம் நின்று கை தட்டினோம். அடுத்த வருஷமே ஸ்ட்ரவுட்டை 52 முறை சாய்த்தார்கள். சுவர் மறுபடியும் சரியில்லை.

பேரன் ஸ்ட்ரவுட்டின் 7-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு வீடியோ காலில் கேட்டான்: "தாத்தா, ஒருத்தரைத்தான் எடுக்கலாம்னா யாரை எடுப்பீங்க?" முன்னால் நிற்கிற ஐந்து பேரின் பெயரைச் சொல்லு, பிறகு சொல்கிறேன் என்றேன். அவனுக்கு இரண்டு பெயர்தான் தெரிந்தது. மகன் கேமராவுக்கு வெளியே இருந்து மூன்றாவது பெயரை எடுத்துக் கொடுத்தான்.